நாலு கண்

எங்கள் ஆற்றில் யாரையாவது பாம்பு கடித்துவிட்டால், ஓடத்தில் தூக்கிப்போட்டுக்கொண்டு வருகிறவன் கடிபட்டவன் பெயரைச் சொல்லிக் கத்தமாட்டான். பாம்பு என்ற சொல்லையும் வாயில் எடுக்கமாட்டான். "வயித்துக்காரிக உள்ள போங்க" என்றுதான் கூவிக்கொண்டு வருவான். அந்தக் கூப்பாடு வளைவுக்கு வளைவு தொற்றிக்கொண்டு ஓடத்துக்கு முன்னாலேயே ஊருக்குள் வந்துவிடும். பிள்ளைத்தாய்ச்சிகள் போட்டது போட்டபடி வீட்டுக்குள் போய் முகத்தை மூடிக்கொள்வார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை லிப்ராதா உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு உலக்கைக்கு இடைஞ்சலாக இருந்தது. காலை அகட்டி, கொஞ்சம் ஒருக்களித்து நின்று குத்தினாள். மூன்று நாள் மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஆறு செம்மண் கலங்கலாக, வேரோடு பிடுங்கின மரங்களை உருட்டிக்கொண்டு போயிற்று. கூப்பாடு காதில் விழுந்ததும், யாரோ பாவம், எந்த வீட்டுப் பிள்ளையோ என்றுதான் அவள் நினைத்தாள். உலக்கையைச் சாத்திவிட்டு மரத்தில் படி வெட்டிய ஏணியில் கால் வைத்தவளுக்கு, குரல் தன் கொழுந்தன் ஆர்செசியோவின் குரல் என்பது அப்புறம்தான் உறைத்தது. அன்று விடியற்காலையில் ஆர்செசியோவோடு வாழைத்தார் வெட்டப் போனது ஒரே ஆள்தான்.

திரும்பிப் பார்க்கப் போனாள். அதற்குள் மாமியார் தொமித்திலா நொண்டிக்கொண்டே ஓடிவந்து ஈரப் போர்வையை அவள் தலையில் போட்டுவிட்டாள்.

"பாக்காத. அவன் உசிரு ஒங்கண்ணுல இருக்கு. பாக்காத."

புருஷன் முகத்தைப் பார்க்காமலே, கடிவாய் எங்கே என்றுகூடத் தெரியாமலே, அவளைப் பின்பக்கமாக இறக்கிக்கொண்டு போனார்கள். போர்வைக்குள் காதில் விழுந்தது ஓடம் கரையில் இடித்த சத்தமும், எலியேசர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகியதும் மட்டும்தான்.

வயிற்றுக்காரிக்கு நாலு கண் என்பது எங்கள் ஆற்றுப் பேச்சு. வெளியே இரண்டு, உள்ளே இரண்டு. உள்ளே இருக்கிற கண் இன்னும் உலகத்தைக் காணாத கண். அதற்கு ஆசை அதிகம். கடிபட்டவனை அது பார்த்துவிட்டால் அவன் உடம்பிலிருக்கும் விஷத்துக்குத் தெம்பு வந்துவிடும், காலில் நிற்கிறது நெஞ்சுக்கு ஏறிவிடும். இதை நம்பாதவர் எங்கள் ஆற்றில் ஒருவரும் கிடையாது. இஸ்த்மினா பட்டணத்தில் படித்துவிட்டு வந்த வாத்தியார்கூட தன்னைக் கடித்தபோது தன் பெண்டாட்டியை அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டுத்தான் மருந்து குடித்தார்.

இஸ்த்மினாவுக்குப் போய் ஊசி போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். போயிருக்கலாம், ஆறு விட்டிருந்தால். மோட்டார் ஓடத்துக்காரன் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டான். ஆகவே இரண்டு வளைவுக்கு மேலே இருக்கும் மூலிகைக்காரர் மார்சியாலைக் கூட்டிவந்தார்கள். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். வந்ததும் கடிவாயைப் பார்க்கவில்லை. "வீட்டுல வயித்துக்காரி உண்டா?" என்றுதான் கேட்டார். இறக்கியாச்சு என்று சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார். வலது கெண்டைக்காலில் இரண்டு துளை. கால் அதற்குள் பூசணிக்காய் கணக்காக ஊதியிருந்தது. வேர்கள் ஊறிய கரும்புச் சாராயத்தை வாயில் ஊற்றினார், இலையை அரைத்துக் கட்டினார், ஓடைக்கு அக்கரையில் இருக்கிற நெல் குடிசையில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கச் சொன்னார். உப்பு கூடாது, தோலுள்ள மீன் கூடாது, சுட்ட வாழைக்காய் மட்டும்.

கூட இருந்து பார்க்க ஆள் வேண்டும். ஆர்செசியோ மார்சியாலோடு மலைக்குப் போய் இலை கொண்டுவர வேண்டியவன். தொமித்திலாவுக்கு இடுப்பு முறிந்து சரியாகக் கூடாதது. ஓடத்தில் ஏறி இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அப்போதுதான் எல்லார் வாயிலும் ஒரே பெயர் வந்தது. பாஸ்குவாலா.

பாஸ்குவாலா லிப்ராதாவின் உயிர்த்தோழி. ஆறேழு வயது மூத்தவள், பிள்ளை இல்லாதவள். அவள் புருஷன் புவனவெந்தூரா துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவன், பதினோரு மாதமாக ஒரு சேதியும் இல்லை. லிப்ராதாவுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்கப்போகிறவளும் அவள்தான்; வாக்குக் கொடுத்தாயிற்று. கூப்பிட்டதும் அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. களை எடுக்க வேண்டும் என்றாள், தலைவலி என்றாள். தொமித்திலா விடுவாளா? "ஞானத்தாயா நிக்கப்போறவ, அந்தப் புள்ளையோட தகப்பனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு பாஸ்குவாலா துடுப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

லிப்ராதாவின் வீட்டு வாசல் நெல் குடிசையைப் பார்த்து இருந்தது. அதனால் அவளை வளைவுக்கு அப்பால் இருந்த பாஸ்குவாலாவின் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம்தான். எலியேசருக்கு இருபத்துமூன்று வயது. ஆடுவான், பாடுவான், துடுப்புப் போட்டால் ஆற்றை எதிர்த்து ஓடம் பறக்கும். வயிறு வெளியே தெரிகிறவரைக்கும் ஒரு குறையும் இல்லை. தெரிந்த பிறகு ஆள் ஒரு மாதிரியாகிவிட்டான். கிளி கதிரைக் கொத்துகிறது என்று சொல்லி நெல் குடிசையிலேயே படுக்க ஆரம்பித்தான். ஒருநாள் குடித்துவிட்டு வந்து, "எனக்கு அப்பனா இருக்கத் தெரியாதுடி" என்று அழுதான். "புள்ளைக்கும் புள்ளையா இருக்கத் தெரியாது. ரெண்டு பேரும் சேந்து கத்துக்கோங்க" என்று லிப்ராதா சொன்னாள். சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அப்புறம் ஒருநாள் பெரிய கெளுத்தி ஒன்றைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்தான், தலைப்பக்கம் இல்லை. மீதி எங்கே என்றாள். பாஸ்குவாலா பாவம், புருஷன் இல்லாதவள், அவளுக்குக் கொடுத்தேன் என்றான். நல்ல மனசு என்றுதான் லிப்ராதா நினைத்துக்கொண்டாள். வால்பக்கத்தைக் குழம்பு வைத்து அவனுக்கே ஊற்றினாள்.

முதல் நாள் பாஸ்குவாலாவின் வீட்டில் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டைப் பெருக்கினாள். கால் நட்டு அதன்மேல் நிறுத்தி, மண் நிரப்பியிருந்த பழைய ஓடத்தில் வளர்ந்த கொத்தமல்லிக்கும் வெங்காயத்தாளுக்கும் களை பிடுங்கினாள். சாயங்காலம் அடுப்பு மூட்டப் போனபோது அவளுக்கு அந்தப் பாழாய்ப்போன ஆசை வந்தது. எங்கள் வீடுகள் மரக்கால் மேல் நிற்பவை. பலகைப் பெட்டியில் களிமண் நிரப்பி அதன்மேல்தான் அடுப்பு. சூடு ஏறி ஏறி அந்த மண்ணுக்கு ஒரு வாசனை வந்துவிடும். மூன்றாம் மாதத்திலிருந்து லிப்ராதா தன் வீட்டு அடுப்பை எலி மாதிரி சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். மாமியார் பார்த்தால் திட்டுவாள் என்று பின் மூலையில்தான் கை வைப்பாள். இங்கேயும் பழக்கத்தில் கை பின் மூலைக்குத்தான் போயிற்று. அங்கே ஏற்கெனவே ஒரு பள்ளம் இருந்தது. விரல் நுழைகிற அளவுக்கு, சுரண்டி வழவழவென்று ஆன பள்ளம்.

கோழி கொத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவளும் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டாள்.

மறுநாள் புதன்கிழமை மத்தியானம்வரை சேதி நன்றாகத்தான் வந்தது. வீக்கம் முழங்காலில் நிற்கிறது, கேட்டதற்குப் பதில் சொல்கிறான் என்றார்கள். மத்தியானத்துக்கு மேல் நிலைமை தலைகீழாகிவிட்டது. வீக்கம் தொடைக்கு ஏறியது, ஈறில் ரத்தம் கசிந்தது, ஆள் பிதற்றத் தொடங்கினான். சாயங்காலம் மார்சியாலும் தொமித்திலாவும் பாஸ்குவாலாவின் வீட்டுக்கு வந்தார்கள். தொமித்திலாவை ஆர்செசியோ ஓடத்திலிருந்து தூக்கி இறக்கினான். மார்சியால் ஏணி ஏறவில்லை; மருந்துக்காரர் வயிற்றுக்காரியின் கூரைக்கடியில் நிற்கக் கூடாது. மழைத் தூறலில் கீழே நின்றபடியே பேசினார்.

"புள்ள, ஒளிக்காமச் சொல்லணும். ஏதோ ஒரு வயிறு அவனப் பாத்திருக்கு."

"நான் பாக்கல ஐயா."

"நேத்துக் கூட்டிட்டுப் போறப்ப திரும்புனியா?"

"திரும்பப் போனேன். திரும்பல. அத்தை துணியப் போட்டுட்டாங்க."

"பலகச் சந்து வழியா, மரத்துச் சந்து வழியா எட்டிப் பாத்தியா? பொம்பள மனசு, புருஷன் மேல பாசம். பாத்திருந்தா தப்புன்னு சொல்ல வரல. தெரிஞ்சா அதுக்கு வேற மருந்து உண்டு."

"எம் புள்ள மேல சத்தியமாப் பாக்கல."

தொமித்திலா வீட்டுக்குள் நொண்டி நொண்டி நடந்து, ஆற்றைப் பார்த்த பலகைச் சந்துகளில் எல்லாம் கந்தல் அடைத்தாள். ஏற்கெனவே ஒரு மகனை ஆற்றுக்குக் கொடுத்தவள். "வயித்துல இருக்குறது மேல சத்தியம் பண்ணாதடி, அதுவாவது எனக்கு மிஞ்சட்டும்" என்று மட்டும் சொன்னாள். அந்த வார்த்தை லிப்ராதாவை அறைந்ததைவிட மோசமாக விழுந்தது.

போகும்போது மார்சியால் தமக்குள் சொல்லிக்கொள்வது போல் சொன்னார். "அந்தப் புள்ள பாஸ்குவாலா என்ன குறையா பாக்குது? அடக்கமான பொம்பள. அடுத்தவ புருஷன்னு அவன் முகத்தக்கூடப் பாக்குறதில்ல. கட்டு மாத்துறப்பகூட மூஞ்சிய சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டுத்தான் மாத்துது. அப்பிடி ஒரு ஒழுக்கம்."

எல்லாரும் போய்விட்டார்கள். லிப்ராதா அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள். அடுத்தவள் புருஷன் முகத்தைப் பார்க்காத அடக்கமா? போன அந்தோணியார் திருநாளில் அவனோடு ஜோடி போட்டு, கண்ணுக்குக் கண் நேராக ஆடினவள் பாஸ்குவாலா. ஊரே கைதட்டியது, லிப்ராதாவும்தான் தட்டினாள். அப்போது இல்லாத ஒழுக்கம் இப்போது எங்கிருந்து முளைத்தது?

கடிபட்டவனைப் பார்க்கப் பயப்படுகிறவள் யார் என்று எங்கள் ஆற்றில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

அவள் எழுந்து அடுப்பின் பின் மூலையில் கையை விட்டாள். பள்ளத்தில் அவள் விரல் அச்சாகப் பொருந்தியது. கோழியாவது கீழியாவது.

வியாழன் காலை சுட்ட வாழைக்காய் எடுத்துப்போக பாஸ்குவாலா வந்தாள். இரண்டு நாளில் முகம் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. சேலைபோல ஒரு பழைய துணியை இடுப்பில் தாராளமாகச் சுற்றியிருந்தாள். கொஞ்ச நாளாகவே அவள் அப்படித்தான் சுற்றிக்கொள்கிறாள் என்பது லிப்ராதாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எப்பிடி இருக்கான்?"

"ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருது" என்றாள் பாஸ்குவாலா. கூடையில் வாழைக்காயை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"பாஸ்கு, அடுப்பு மண்ண யாரு திங்கிறது?"

"கோழி கொத்தியிருக்கும்."

"கோழிக்கு வெரல் இருக்கா?"

பாஸ்குவாலாவின் கை நின்றுவிட்டது. வெளியே மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், பிள்ளைத்தாய்ச்சி கண்ணிலிருந்து மசக்கையை மறைக்க முடியுமா?

"எத்தன மாசம்?"

"நாலு முடியப்போகுது."

"ஒம் புருஷன் போயி பதினோரு மாசம்."

"எனக்கு மாசம் எண்ணத் தெரியும்டி."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒனக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

நல்லதோ கெட்டதோ, எந்தச் சேதியானாலும் அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர்தான் முதலில் சொல்லிக்கொள்வது வழக்கம். அந்த வழக்கம் இதிலும் மாறவில்லை. கையில் கிடைத்த அகப்பையை எடுத்து அவள் மண்டையில் போடலாமா என்று லிப்ராதாவுக்குத் தோன்றியது. எடுக்கவும் செய்தாள். எடுத்த அகப்பையை என்ன செய்வது என்று தெரியாமல் பானைக்குள்ளேயே போட்டாள்.

"பின்ன எதுக்குடி அங்க போன? அவனக் கொல்லவா?"

"போகமாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்லச் சொல்ற? ஒங்க அத்தை எல்லாருக்கும் முன்னால வெச்சு ஞானத்தாய்னு கேட்டுட்டா." பாஸ்குவாலா கீழே உட்கார்ந்துவிட்டாள். "நான் பாக்காம இருந்துக்கலாம்னு நெனச்சேன். சுவரப் பாத்துக்கிட்டே கட்டுப்போட்டேன். கண்ண மூடிக்கிட்டே வாயில ஊட்டுனேன். மூக்குல எல்லாம் ஊத்திட்டேன். சத்தியமா நான் பாக்கலடி."

"ஒரு தடவகூடவா?"

பாஸ்குவாலா தரைப் பலகையை நகத்தால் கீறினாள்.

"ஒரு தடவகூடவா பாக்கல?"

"நேத்து மத்தியானம். தண்ணி கேட்டான்."

"கேட்டா குடுக்க வேண்டியதுதான?"

"எம் பேரச் சொல்லிக் கேட்டான், லிப்ரா. கண்ணு சொருகிக் கெடந்தவன். பேரச் சொன்னதும் என்னையறியாமத் திரும்பிட்டேன். அவ்வளவுதான். ஒரு நிமிஷம் இருக்காது."

"எம் பேரச் சொன்னானா?"

"லிப்ரா, விடு."

"சொன்னானா, இல்லியா?"

"சொல்லல."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள். சேர்ந்து அழவில்லை, ஒருத்தி அடுப்பங்கரையிலும் ஒருத்தி வாசலிலுமாக அழுதார்கள்.

லிப்ராதா யோசித்துப் பார்த்தாள். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் பாஸ்குவாலா இன்றைக்கே குடிசையை விட்டு விலகுவாள், எலியேசர் பிழைப்பான். ஆனால் ஆறு நெடுகக் கடல்வரைக்கும் ஊர் சிரிக்கும். பெண்டாட்டி இருக்க, பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்கப்போகிறவளையே கெடுத்தவன் என்று அவன் பெயர் நாறும். ஞானச் சொந்தத்தில் கைவைத்தவன் செத்தால் எங்கள் ஆற்றில் யாரும் பாட்டுப் பாடித் தூக்கிப்போட வரமாட்டார்கள். அந்த நாறின பெயரோடுதான் தன் பிள்ளையும் பிறக்க வேண்டும். சொல்லாமல் இருந்தால்? பாஸ்குவாலா அடக்க ஒடுக்கமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே அவனைக் கொன்றுவிடுவாள். கொன்றது லிப்ராதா என்று பேராகும். எப்படி உருட்டினாலும் காய் அவள் பக்கமே வந்து விழுந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

அந்த நேரத்தில் அவன்மேல் அவளுக்கு ஆத்திரம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அவளுக்கு இருபது வயது. அவன் சாகக் கூடாது என்பதுதான் எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தது.

ஆர்செசியோ பாஸ்குவாலாவைக் கூட்டிப்போக ஓடத்தோடு வந்தான். லிப்ராதா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"தம்பி, மார்சியால் ஐயாகிட்டயும் அத்தைகிட்டயும் போய்ச் சொல்லு. நான்தான் பாத்தேன்."

ஆர்செசியோ துடுப்பை ஊன்றியபடி அப்படியே நின்றுவிட்டான். "மதினி, நேத்து சத்தியம் பண்ணுனீங்களே."

"பொய்ச் சத்தியம். நேத்து மத்தியானம் கரையோரமா நடந்து வந்து மூங்கில் மறைவுல நின்னு பாத்தேன். மறுபடியும் பாக்கணும்போல இருக்கு. என்னால அடக்க முடியல. என்னக் கட்டிவெச்சுக் காவல் காக்க ஆள் வேணும். பாஸ்குவாலா இங்கயே இருக்கட்டும். வேற யாரு சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்."

பாஸ்குவாலா கூடையைப் பிடித்தபடி நின்றாள். வாய் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். எத்தனையோ முறை நான் அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு நிமிஷம் அவள் வாய் திறந்திருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் தொமித்திலாவே வந்துவிட்டாள். ஏணி ஏறவில்லை. கீழே நின்று மேலே பார்த்துக் காறித் துப்பினாள். "எம் மகனத் தின்னுட்டுத்தான் ஒம் புள்ளயப் பெறணும்னு இருக்கியாடி?" என்று கேட்டாள். இடுப்பு போனால் போகட்டும், மகனைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அக்கரைக்குப் போய்விட்டாள். மார்சியால் பார்த்த கண்ணுக்கு உண்டான மாற்று மருந்து ஒன்று காய்ச்சினார். அதற்கு லிப்ராதாவின் தலைமுடி ஒரு கொத்து வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அவள் கத்தியால் அறுத்துக் கொடுத்தாள்.

எந்தக் கண்ணுக்கு எந்த முடி! ஆனாலும் வெள்ளிக்கிழமை ரத்தம் நின்றது. சனிக்கிழமை ஆறு இறங்கியது, மோட்டார் ஓடம் இஸ்த்மினாவுக்குப் போய் ஊசி மருந்தோடு செவிலி ஒருத்தியைக் கூட்டிவந்தது. ஞாயிற்றுக்கிழமை எலியேசர் கண் திறந்து அம்மா என்று கூப்பிட்டான். ஊசியா, வேரா, முடியா, எது என்று மார்சியாலைக் கேட்டால் ஒரு பதில், செவிலியைக் கேட்டால் இன்னொரு பதில்.

அந்த நாட்களில் இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கயிறு கட்டவில்லை, தேவைப்படவில்லை. ஒருத்தி சோறு வைத்தால் ஒருத்தி பாத்திரம் கழுவுவாள். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. சாயங்காலம் அடுப்பு அணைந்ததும் லிப்ராதா பின் மூலையில் ஒரு விரல் மண் கிள்ளுவாள். அவள் எழுந்துபோன பிறகு பாஸ்குவாலா வந்து கிள்ளுவாள். ஒருநாள் பள்ளம் பலகைவரைக்கும் போய்விட்டது. பாஸ்குவாலா ஆற்றங்கரையிலிருந்து புதுக் களிமண் கொண்டுவந்து பூசினாள். "காயட்டும், ரெண்டு நாளாகும்" என்றாள். அந்த வாரத்தில் அவள் பேசியது அவ்வளவுதான். அடுத்த மோட்டார் ஓடத்தில் புருஷனைத் தேடிப்போவதாகச் சொல்லி புவனவெந்தூராவுக்குப் போய்விட்டாள். கரையில் நின்று வழியனுப்பிய பெண்கள், என்ன நல்ல மனுஷி, தோழிக்காக எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

நாலாவது வாரம் எலியேசரை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். கெண்டைக்காலில் சதை போய்விட்டது. புண் வாய் மூடும்வரை லிப்ராதா பார்க்கக் கூடாது என்பது மார்சியாலின் கட்டளை. மாவு மூட்டைச் சாக்குகளைத் தைத்து வீட்டுக்குக் குறுக்கே திரை கட்டினாள் தொமித்திலா. லிப்ராதா சோறு வைத்துத் திரைக்கு அடியில் தள்ளுவாள். காலித் தட்டு திரும்பி வரும். மாமியார் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

ஒருநாள் காலை தொமித்திலா ஓடைக்கு அலசப் போயிருந்தாள். மீனும் வாழைக்காயும் அவித்து லிப்ராதா தட்டைத் தள்ளினாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவன் பேசினான். கடித்த பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"நீ பாத்தியாமே."

அவள் அடுப்பில் கட்டையைத் தள்ளினாள்.

"நாலு நாள் கண்ண மூடிட்டு இருக்க முடியலையா ஒனக்கு? கால் போச்சு. இனி ஆட முடியுமா, நின்னு துடுப்புப் போட முடியுமா? பாஸ்குவாலாவப் பாரு. கூடப்பொறந்தவ மாதிரி வந்து பாத்தா. அவளுக்கு இருந்த பொறுப்பு கட்டுனவளுக்கு இல்ல."

கூடப்பொறந்தவ என்ற அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் ஆயுசுக்கும் வாய் திறந்திருக்கமாட்டாள் என்றே நினைக்கிறேன். லிப்ராதா எட்டு மாத வயிற்றோடு எழுந்து திரையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தையல் விட்டு, சாக்கு கீழே விழுந்தது.

எலியேசர் அலறிப்போய்க் காலைப் போர்வையால் மூடினான். "மூடு, மூஞ்சிய மூடு" என்றான்.

"நான் ஒன்னப் பாக்கவே இல்ல. இன்னிக்கித்தான் பாக்குறேன்."

"என்ன சொல்ற?"

"ஒன்னப் பாத்தது பாஸ்குவாலா. தண்ணி கேட்டியாம்ல, பேரச் சொல்லி. அப்ப அவ வயித்துல நாலு மாசம். ஒம் புள்ள. நாலு கண்ணுல ரெண்டு அதோடது."

கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சுவரப் பாக்காத. அவளும் சுவரப் பாத்துக்கிட்டுத்தான் ஒனக்குக் கட்டுப்போட்டா. அதுக்கு ஒரு ஆள் போதும்."

அவன் திரும்பவில்லை. வெளியே தொமித்திலா ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ஏணிக்கு வருவது கேட்டது.

"அம்மாகிட்ட சொல்லிடாத" என்றான் எலியேசர்.

"சொல்லல. நான் பாக்கலேன்னு மட்டும் நீ சொல்லுவியா? ஒரு ஆள்கிட்ட. ஒங்கம்மாகிட்ட மட்டும்?"

அவன் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டான். ஊன்றுகோல் சத்தம் ஏணியில் ஏறியது. லிப்ராதா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, விழுந்த சாக்கைப் பொறுக்கி, ஊசி எங்கே என்று தேடத் தொடங்கினாள்.

அவள் கண்ணாரப் பார்த்த அந்தப் புண் மோசமாகவில்லை. அடுத்த அறுவடைக்குள் நன்றாகவே ஆறிவிட்டது. பெண் குழந்தை பிறந்தது. ஞானத்தாயாக நிற்க ஆள் கிடைக்காமல், கடைசியில் வியாபார ஓடத்தில் வந்த யாரோ ஒருத்தி தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்துவிட்டுப் போனாள். எலியேசர் காலை இழுத்து இழுத்து நடக்கிறான், வலை பின்னுகிறான், குடிப்பதில்லை. நல்ல தகப்பன் என்று சொல்கிறார்கள். பெண்டாட்டி சோறு வைக்கும்போது தட்டை மட்டும் பார்க்கிறான்.

போன மாதமும் ஒரு செவ்வாய்க்கிழமை. லிப்ராதா உரலில் குத்திக்கொண்டிருந்தாள். ஆறு வயது மகள் தவிட்டைப் புடைத்துக்கொண்டிருந்தாள். எலியேசர் வீட்டுக்கடியில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். கீழ் வளைவிலிருந்து கூப்பாடு வந்தது.

"வயித்துக்காரிக உள்ள போங்க. லிப்ராதா, நீயும் போ."

ஆறு வருஷமாக இப்படித்தான் கூவுகிறார்கள், அவள் வயிற்றில் ஒன்றும் இல்லாத நாளிலும். லிப்ராதா உலக்கையைச் சாத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பார்ப்பாள். அவன் முடிச்சை இறுக்கிப் பல்லால் நூலைக் கடித்தான், தலை நிமிரவில்லை. அவள் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஏணி ஏறினாள்.

"நீ எதுக்கும்மா போற?" என்று மகள் கேட்டாள்.

"கூப்புடுறாங்கல்ல" என்றாள் லிப்ராதா.